கைலாசத்துக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போகலாமா?

மட்டக்களப்பு வாவி கடல் மட்டத்தில் கிடக்கிறது. வாவிக்குக் கிழக்கே காத்தான்குடி, ஆரையம்பதி, களுவாஞ்சிகுடி என்று நீளும் எழுவான்கரை. மேற்கே படுவான்கரையின் வயல்வெளி. இந்தத் தாழ்நிலத்துப் பிள்ளை அண்ணாந்து பார்க்கக்கூடிய மலை என்றால் குடும்பிமலைதான். அதன் உயரம் சுமார் 534 மீற்றர். செங்கலடிச் சந்தியில் திரும்பும் வீதி பதுளையைத் தாண்டி நுவரெலியா வரை ஏறுகிறது. அங்கே 1,868 மீற்றர். நாட்டின் உச்சியான பிதுருதலாகலை 2,524 மீற்றர். உயரத்தால் வரும் நோய்களைப் பற்றி வைத்தியம் கவலைப்படத் தொடங்குவது பொதுவாக 2,500 மீற்றரில். ஆக, இலங்கை முடிகிற இடத்தில்தான் இந்தக் கேள்வியே தொடங்குகிறது.

ஆனால் இந்தப் பகுதிக் குடும்பங்களின் பயணங்கள் இலங்கையோடு நின்றுவிடுவதில்லை. சைவக் குடும்பங்களுக்கு நேபாளம் வழியாகக் கைலாசமும் மானசரோவரும் எட்டக்கூடிய யாத்திரைகளாகிவிட்டன. கேதார்நாத், அமர்நாத் என்று வட இந்தியத் தலங்கள் இருக்கின்றன. புலம்பெயர்ந்த உறவுகளைப் பார்க்கச் சுவிற்சர்லாந்து போகிறவர்களை அந்த உறவுகளே தித்லிஸ், யுங்ஃப்ராவ்யோக் போன்ற மலைத்தலங்களுக்கு அழைத்துப்போகின்றன. பாட்டன் பாட்டி, பெற்றோர், பிள்ளைகள் என்று மூன்று தலைமுறையும் ஒன்றாகப் போவதுதான் நம்மவர்களின் பயண வழக்கம். அதனால் வீட்டில் ஒரு கேள்வி எழும்: பிள்ளைக்கு எத்தனை வயதானால் கூட்டிப்போகலாம்?

இந்தக் கேள்விக்கு நம்பிக்கை ஒரு விடை சொல்லியிருக்கிறது. அரசுகள் ஒரு விடையும், வைத்தியர்கள் வேறொரு விடையும், மலையேறிகள் இன்னொரு விடையும் சொல்லியிருக்கிறார்கள். ஒன்றோடொன்று அவை முழுதாகப் பொருந்துவதில்லை. அவற்றை அருகருகே வைத்துப் பார்த்தால், கேள்வியே சற்றுப் பிழையாகக் கேட்கப்படுகிறதோ என்ற ஐயம் வருகிறது.

நம்பிக்கையின் இரண்டு குரல்கள்

கைலாசம் போகும் வழியில் மனித உடம்பு என்ன பாடுபடும் என்று விரிவாகப் பேசும் பழந்தமிழ் நூல் பெரியபுராணம். திருநாவுக்கரசர் முதுமையில் வடக்கே நடக்கிறார். கால் தேய்கிறது, கையால் ஊர்கிறார். கை தேய்கிறது; மார்பால் நகர்கிறார்; கடைசியில் புரள்கிறார். முனிவர் வேடத்தில் எதிர்ப்படும் இறைவன், இந்த உடம்போடு அங்கே போக முடியாது, திரும்பு என்கிறார். அப்பர் மறுக்கிறார். பின்னர் ஒரு தடாகத்தில் மூழ்கி, திருவையாற்றில் எழுந்து, அங்கேயே கைலாயக் காட்சியைக் காண்கிறார். திருவையாற்றில் ஆடி அமாவாசையில் இன்றும் அது விழாவாக நடக்கிறது. மட்டக்களப்பு மாமாங்கேஸ்வரர் ஆலயத்தில் தீர்த்தோற்சவம் நடப்பதும் அதே நாளில்தான்.

இந்தக் கதையில் சைவ மரபின் ஒரு குரல் இருக்கிறது: தொலைவில் இருப்பதை அருகிலும் காணலாம். திருகோணமலைக் கோணேசர் கோயிலைத் தட்சிண கைலாயம் என்று அழைப்பதும் இந்த வழியில்தான். பிள்ளை சின்னதாக இருக்கும்வரை கோணமலையே போதும் என்று ஒரு தாத்தா சொன்னால், அவர் பக்தியில் குறைந்தவர் ஆகமாட்டார்.

மற்றக் குரல் நேர்த்திக்கடனின் குரல். கிழக்கிலங்கையில் அதற்கு வலுவான நடைமுறை இருக்கிறது. கதிர்காமப் பாதயாத்திரை மட்டக்களப்பைக் கடந்து, உகந்தை முருகன் கோயிலில் தங்கி, குமணை, யால காடுகளுக்குள் இறங்குகிறது. பிள்ளைகளும் அதில் நடக்கிறார்கள். சின்னவர்கள் தோளில் போகிறார்கள். தண்ணீர்த் தட்டுப்பாடு, வெயில், யானை எல்லாம் உண்டு. காட்டுவழி நடந்த பிள்ளைக்கு மலை ஒரு பொருட்டா என்று கேட்பவர்களிடம் இந்த அனுபவம்தான் பேசுகிறது.

சிவனொளிபாதமலையும் அப்படித்தான். இந்துக்களும் பௌத்தர்களும் கிறிஸ்தவர்களும் ஏறுகிற மலை அது. முஸ்லிம்களுக்கு அது பாவா ஆதம் மலை. 1344இல் இப்னு பதூதா சங்கிலிகளைப் பிடித்து அதில் ஏறியிருக்கிறார். டிசம்பர்ப் போயாவிலிருந்து வெசாக் வரையான பருவத்தில் நல்லதண்ணி வழியாகக் கைக்குழந்தைகளோடும் குடும்பங்கள் ஏறுகின்றன. ஆனால் அதன் உயரம் 2,243 மீற்றர். இரவில் ஏறி விடிந்ததும் இறங்கிவிடுகிறார்கள். குளிரும் நெரிசலும் களைப்பும் அங்கே உண்மையான தொல்லைகள். ஒட்சிசன் குறைவு அப்படியொன்றும் பெரிதல்ல. கதிர்காமமும் சிவனொளிபாதமும் பிள்ளையின் காலையும் மனதையும் சோதிக்கலாம். ஐயாயிரம் மீற்றரில் அதன் நுரையீரல் எப்படி நடந்துகொள்ளும் என்பதற்கு இரண்டிலும் சான்று கிடையாது. வலுவான கால் உயர நோயைத் தடுக்காது என்பதை வைத்தியர்கள் வெகுகாலமாகவே சொல்லிவருகிறார்கள்.

அரசு போட்ட கோடு

இந்திய வெளியுறவு அமைச்சு 1981 முதல் நடத்திவரும் கைலாச மானசரோவர் யாத்திரையில் 18 முதல் 70 வயது வரையானவர்களுக்கே இடம். உடல்நிறைச் சுட்டெண் 25ஐத் தாண்டக்கூடாது என்ற நிபந்தனையும் உண்டு. அமர்நாத் ஆலய வாரியம் 13 வயதுக்குக் குறைந்தவர்களையும் 70ஐக் கடந்தவர்களையும் ஆறு வாரத்துக்கு மேற்பட்ட கர்ப்பிணிகளையும் பதிவுசெய்வதில்லை. கேதார்நாத்திலோ, 3,583 மீற்றர் உயரத்துக்குப் பிள்ளைகளைக் கூடையில் சுமந்து போகிறார்கள்.

இந்தக் கோடுகளுக்குப் பின்னால் பெரிய துயரங்கள் இருக்கின்றன. 1996 ஆகஸ்டில் அமர்நாத் வழியில் பனிப்புயலில் சிக்கி இருநூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதன்பின் அமைக்கப்பட்ட நிதிஷ் சென்குப்தா குழு யாத்திரையை ஒழுங்குபடுத்தப் பரிந்துரைகள் தந்தது. 1998 ஆகஸ்டில் மால்பாவில் மலை சரிந்து, நடனக் கலைஞர் புரோதிமா பேடி உட்படக் கைலாச யாத்திரிகர் குழு ஒன்றே புதைந்தது. 2012இல் அமர்நாத் மரணங்களை இந்திய உச்ச நீதிமன்றம் தானாகவே கையிலெடுத்தது.

கவனித்துப் பார்த்தால், மால்பாவில் கொன்றது உயரம் அல்ல, மண்சரிவு. 1996இல் கொன்றது குளிரும் கூட்டமும். வயதுக் கோடு பெருங்கூட்டத்தை நிர்வகிப்பவரின் கருவி. அந்த வேலைக்கு அது பொருத்தமானதும்கூட. ஆனால் ஒரு தலத்துக்கு 13, இன்னொன்றுக்கு 18, மூன்றாவதற்குக் கோடே இல்லை என்றிருப்பதைப் பிள்ளையின் உடலியலால் முழுதாக விளக்க முடியாது. எவரெஸ்ட்டில் இது இன்னும் வெளிச்சமாகத் தெரிகிறது. நேபாளம் 16 வயதுக்குக் கீழானவர்களை ஏறவிடுவதில்லை. தெலங்கானாவின் பழங்குடிக் குடும்பத்துப் பெண் மாலாவத் பூர்ணா 2014 மே மாதம் தன் 13ஆவது வயதில் திபெத் பக்கத்திலிருந்து ஏறி உச்சியைத் தொட்டார். மலை ஒன்றுதான்; எல்லையின் எந்தப் பக்கம் நிற்கிறோம் என்பதே அன்று விதியைத் தீர்மானித்தது.

இலங்கையர்களுக்கு இதில் இன்னொரு சங்கதி இருக்கிறது. இந்திய அரசின் கைலாச யாத்திரை இந்தியக் குடிமக்களுக்கு மட்டுமே உரியது. மட்டக்களப்பிலிருந்து புறப்படும் குடும்பம் பெரும்பாலும் காத்மண்டு வழியாகத் தனியார் ஏற்பாட்டில்தான் போகும். அங்கே 18 வயதுக் கோடும் மருத்துவச் சோதனை முகாமும் காவலுக்கு நிற்பதில்லை. முடிவு பெற்றோரின் கையில் விழுந்துவிடுகிறது.

வைத்தியர்கள் எண்ணிப் பார்த்தது

பெரியவர்களின் உயர நோய் பழைய செய்தி. அந்தீஸ் மலையைக் கடந்த ஹோசே தெ அகோஸ்தா என்ற ஸ்பானிய இயேசு சபைத் துறவி தன் சத்தியையும் மூச்சுத்திணறலையும் 1590இல் வெளியான நூலில் எழுதிவைத்தார். 1913இல் சிலியின் சுரங்கங்களில் பணியாற்றிய வைத்தியர் ரேவன்ஹில், சாதாரண வடிவத்தையும் மூளையையும் நெஞ்சையும் தாக்கும் கொடிய வடிவங்களையும் பிரித்துக் காட்டினார். சீனாவுடனான 1962 போரில் சமவெளியிலிருந்து இமயத்துக்கு அவசரமாக அனுப்பப்பட்ட இந்தியச் சிப்பாய்கள் நோயுற்றபோது, இந்தர் சிங்கும் கூட்டாளிகளும் கிட்டத்தட்ட இரண்டாயிரம் பேரை ஆராய்ந்து 1969இல் எழுதினார்கள். பிள்ளைகள் இந்தக் கணக்கில் இடம்பெற இன்னும் கால் நூற்றாண்டு பிடித்தது.

அப்படி வந்த ஆய்வுகளில் ஒன்று தனியாக நின்று யோசிக்க வைக்கிறது. 1993இல் கொலராடோவில் 2,835 மீற்றர் உயரத்துக்கு வந்த பிள்ளைகளைச் சோதித்தார்கள். 28 வீதமானோரிடம் உயர நோயின் அறிகுறிகள் இருந்தன. அதே கேள்விகளை, உயரம் எதற்கும் போகாமல் கடல்மட்டத்தில் பயணம் செய்த பிள்ளைகளிடம் கேட்டபோது 21 வீதமானோரிடம் அதே அறிகுறிகள்! தலையிடி, சத்தி, பசியின்மை, தூக்கமின்மை எல்லாம் பயணத்தின் பிள்ளைகள்தான். மட்டக்களப்பிலிருந்து கொழும்புக்கு இரவு முழுக்க வாகனத்தில் போய் இறங்கும் பிள்ளையும் இப்படித்தான் இருக்கும்.

1998இல் மூன்று வயதுக்குட்பட்ட 23 குழந்தைகளைச் சுமார் 3,500 மீற்றருக்குக் கொண்டுபோனார்கள். ஏறத்தாழ ஐந்தில் ஒரு குழந்தைக்கு அறிகுறிகள். கூடப்போன பெரியவர்களிலும் அதே பங்கு. 2009இல் யுங்ஃப்ராவ்யோக்கில், 3,450 மீற்றருக்கு வேகமாக ஏறி அங்கேயே தங்கிய 48 சிறுவர்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டோர் நோயுற்றார்கள். அவை பெரும்பாலும் மெல்லிய அறிகுறிகள். நேபாளத்தின் கோசாய்குண்ட ஏரி 4,380 மீற்றர் உயரத்தில் உள்ள சைவத் திருத்தலம். ஆவணி அவிட்ட நாளையொட்டி அங்கே ஏறும் யாத்திரிகர்களோடு போன 36 பிள்ளைகளில் கிட்டத்தட்டப் பாதிப்பேருக்கு உயர நோய் கண்டது. நம்மவர்களின் யாத்திரைக்கு மிக நெருங்கிய சான்று இதுதான்.

இவற்றையெல்லாம் பார்த்து, 2001இல் சர்வதேச மலை மருத்துவச் சங்கத்தின் வல்லுநர் குழு ஓர் ஒருமித்த கருத்தை வெளியிட்டது. அது முற்றான தடை விதிக்கவில்லை. பிள்ளைகளுக்கு நோய்வரும் வாய்ப்பு ஏறத்தாழப் பெரியவர்களைப் போன்றதே என்றும், 2,500 மீற்றருக்கு மேல் படுக்கும் உயரத்தை நாளொன்றுக்குச் சுமார் 300 மீற்றருக்கு மேல் கூட்டக்கூடாது என்றும், ஆயிரம் மீற்றருக்கு ஒருநாள் ஓய்வு வேண்டும் என்றும் சொன்னது. இதைவிட இறுக்கமாக நிற்கும் வைத்தியர்கள், இரண்டு வயதுக்குக் குறைந்தவர்கள் 2,000 மீற்றருக்கு மேலும், பத்து வயது வரையானவர்கள் 3,000 மீற்றருக்கு மேலும் இரவு தங்கக்கூடாது என்கிறார்கள்.

கைக்குழந்தைகள் விடயத்தில் தயக்கம் கூடுதலாக இருப்பதற்குக் காரணம் உண்டு. தாழ்நிலத்திலிருந்து லாசாவுக்குக் கொண்டுவரப்பட்டு அங்கே சில வாரங்கள், மாதங்கள் வாழ்ந்து இறந்த பச்சிளங்குழந்தைகளைப் பற்றிய ஆய்வு 1988இல் வந்தது. ஒட்சிசன் குறைவால் நுரையீரல் நாளங்கள் தடித்து, இதயத்தின் வலப்பக்கம் வீங்கிப்போயிருந்தது. நீண்டகாலம் தங்கியவர்களின் கதை அது. சுற்றுலாக் குழந்தைக்கு அப்படியே பொருந்தாது. ஆயினும் சின்னஞ்சிறு நுரையீரல் உயரத்துக்கு எப்படி எதிர்வினை காட்டும் என்பதற்கு அதைவிடத் தெளிவான சாட்சி தேவையில்லை.

வைத்தியர்களின் நிலைப்பாட்டின் பலவீனம் எண்களிலேயே தெரிகிறது: 23, 36, 48. சிறு தொகைகள். பெரும்பாலும் வெள்ளைக்காரப் பிள்ளைகள், அல்லது மலைநாட்டு நேபாளிகள். வருடம் முழுக்க வெக்கையில் வளர்ந்த கடலோரத் தமிழ்ப் பிள்ளையோ முஸ்லிம் பிள்ளையோ இந்தக் கணக்குகளில் இல்லை.

"ஒன்றும் ஆகாது" என்பவர்கள்

மலையேறிகளிடமும் வழிகாட்டிகளிடமும் கேட்டால் விடை உற்சாகமாக வரும். அவர்களிடமும் ஆதாரம் இருக்கிறது. 2007இல் பிரித்தானிய ஆய்வாளர்கள் 6 முதல் 13 வயது வரையான ஒன்பது பிள்ளைகளை நேபாளத்தின் நம்சே பசாருக்கு, 3,500 மீற்றர் உயரத்துக்கு, மெல்ல நடத்திக் கூட்டிப்போனார்கள். பிள்ளைகள் நன்றாகவே தாங்கினார்கள். திபெத்தில் குழந்தைகள் நாலாயிரம் மீற்றரிலேயே பிறந்து ஓடித் திரிகிறார்களே என்ற வாதமும் அடிக்கடி வரும்.

இரண்டாவது வாதம் நிற்காது. திபெத்தியரின் உடம்பு பல்லாயிரம் ஆண்டுகளாக உயரத்துக்குப் பழகி, மரபணுவிலேயே மாறியிருக்கிறது என்பதை 2010இல் வெளியான ஆய்வுகள் காட்டின. ஏறாவூர்ப் பிள்ளைக்கும் கொக்கட்டிச்சோலைப் பிள்ளைக்கும் அந்த முதுசொம் கிடையாது. முதல் வாதம் நிற்கும், ஆனால் ஒரு நிபந்தனையோடு: அந்த ஒன்பது பேரும் வைத்தியர்கள் சூழ, மெல்ல ஏறினார்கள். பூர்ணாவும் பல மாதப் பயிற்சியோடு, வாரக்கணக்கில் உயரத்துக்கு உடம்பைப் பழக்கிய பிறகே ஏறினார். அந்தச் சாதனைகளை எடுத்துக்காட்டும்போது அவற்றின் நாட்காட்டியைக் காட்ட மறந்துவிடுகிறார்கள்.

பயணத்திட்டம் என்ற மெய்யான வில்லங்கம்

இங்கேதான் வயதுக் கேள்வி சற்றே ஒதுங்கி, வேறொன்று முன்னுக்கு வருகிறது. காத்மண்டு சுமார் 1,400 மீற்றர். கைலாசம் போகும் வாகன வழியில் அடுத்த தங்கல் கெருங், ஏறத்தாழ 2,800 மீற்றர். அதற்கடுத்தது சாகா, 4,500 மீற்றர். பிறகு மானசரோவர், சுமார் 4,590. அதன்பின் கைலாசத்தைச் சுற்றிவரும் 52 கிலோமீற்றர் பரிக்ரமா. இரண்டாம் நாளில் டோல்மா லா கணவாய், 5,630 மீற்றர். அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதில் பாதி. ஒரு மூச்சுக்குக் கிடைக்கும் ஒட்சிசனும் பாதி.

கெருங்கிலிருந்து சாகாவுக்கு ஏறும் உயரம் 1,700 மீற்றர். சில ஏற்பாட்டாளர்கள் கெருங்கில் இரண்டு இரவு தங்க வைக்கிறார்கள். அப்படியிருந்தும் இந்தத் தாவலுக்கு வல்லுநர் குழுவின் கணக்கில் கிட்டத்தட்ட ஒருவாரம் வேண்டும். இந்திய இராணுவத்தின் நடைமுறையோடு ஒப்பிட்டால் இன்னும் பளிச்சென்று தெரியும். கட்டுமஸ்தான இளம் சிப்பாயைக்கூட அது 2,700 மீற்றருக்கு மேலே முதல் கட்டத்தில் ஆறு நாள், 3,600க்கு மேலே நாலு நாள், 4,500க்கு மேலே இன்னும் நாலு நாள் பழக்கிய பிறகே வேலைக்கு விடுகிறது. மொத்தம் பதினான்கு நாள். சிப்பாய்க்குக் கொடுக்கும் அவகாசத்தை எட்டு வயதுப் பிள்ளைக்கும் எழுபது வயதுப் பாட்டிக்கும் கொடுக்க விடுமுறையும் காசும் இடம்கொடுப்பதில்லை.

திபெத்திய வழக்கத்தில் 2026 குதிரை ஆண்டு. அந்த ஆண்டில் கைலாசத்தைச் சுற்றுவது பன்மடங்கு புண்ணியம் என்று நம்பப்படுகிறது. கூட்டம் பெருகும் ஆண்டில் மெல்லப் போகும் திட்டம் கிடைப்பது இன்னும் கடினமாகலாம்.

ஏறும் வேகத்தோடு சேர்த்துக் கேட்கவேண்டியது இறங்கும் வழி. உயர நோய்க்கு முதல் மருந்து இறக்கம்தான். திபெத் ஒரு பீடபூமி. மானசரோவரில் பிள்ளைக்கு மோசமானால் மணிக்கணக்காக வாகனம் ஓடினாலும் நாலாயிரத்துக்குக் கீழே வருவது சுலபமல்ல. வெளிநாட்டார் பொதுவாகக் குழு விசாவில் போவதால், ஒருவர் தனியே திரும்புவதற்குக் காகித வேலையும் உண்டு. பிள்ளையோடு தாயோ தகப்பனோ திரும்பினால் மற்றப் பிள்ளையை யார் பார்ப்பது? புறப்படும் முன்பே பேசவேண்டிய விடயம் அது. நேபாளத்தின் சிமிகோட், ஹில்சா வழியான ஹெலிகொப்டர்ப் பாதையில் 2018 ஜூலையில் வானிலை கெட்டபோது ஆயிரத்துக்கும் மேற்பட்ட இந்திய யாத்திரிகர்கள் நாட்கணக்கில் அகப்பட்டுக்கொண்டார்கள். இந்தியத் தூதரகம் தலையிட்டுத்தான் மீட்க வேண்டியிருந்தது.

வட இந்தியாவின் லே நகரத்தின் நிலைமை விசித்திரமானது. டெல்லியிலிருந்து ஒன்றரை மணி நேரத்துக்குள் விமானம் 3,500 மீற்றரை ஒட்டிய அந்த ஊரில் இறக்கிவிடுகிறது. ஆனால் வீதி வழியாக இறங்கவேண்டுமானால் ஸ்ரீநகர்ப் பக்கம் 4,108 மீற்றர் ஃபோட்டு லாவையும், மணாலிப் பக்கம் ஐயாயிரத்தைத் தாண்டும் கணவாய்களையும் முதலில் ஏறவேண்டும். லேயில் நல்ல வைத்தியசாலையும் ஒட்சிசனும் காலை விமானமும் இருப்பது ஓர் ஆறுதல்.

சுவிற்சர்லாந்து இதற்கு நேரெதிர். யுங்ஃப்ராவ்யோக் 3,454 மீற்றர். தித்லிஸ் மேல்தளம் சுமார் 3,020. எண்களைப் பார்த்தால் கேதார்நாத்துக்கு அதிகம் குறைந்தவை அல்ல. ஆயினும் அறிகுறிகள் தலைகாட்டப் பொதுவாக ஆறு முதல் பன்னிரண்டு மணி நேரம் பிடிக்கிறது. சுற்றுலாக் குடும்பமோ இரண்டு மூன்று மணி நேரத்தில் இறங்கிவிடுகிறது. பிள்ளை சோர்ந்தால் அடுத்த வண்டி இருக்கிறது. ஒரே உயரம் இரண்டு இடங்களில் இரண்டு விதமான ஆபத்து. வயதை மட்டும் பார்க்கும் எந்த விதியாலும் இந்த வேறுபாட்டைப் பிடிக்க முடியாது.

சொல்லத் தெரியாத நோயாளி

அப்படியென்றால் வயதுக்கு மதிப்பே இல்லையா? இருக்கிறது. ஆனால் அதன் மதிப்பு நுரையீரலில் இருப்பதைவிட நாக்கில்தான் கூடுதலாக இருக்கிறது. பெரியவருக்குத் தலையிடித்தால் சொல்வார். பேச்சு வராத குழந்தை அழும், பால் குடிக்காது, விளையாடாது, தூங்காது. நாலைந்து வயதுப் பிள்ளை வயிறு வலிக்கிறது என்று சொல்லும். வலிப்பது தலையாக இருக்கலாம். கொலராடோ ஆய்வு காட்டியதுபோல இவையெல்லாம் சாதாரணப் பயணக் களைப்பின் முகமும்தான். அதனால் வைத்தியர்கள் ஒரு விதி வைத்திருக்கிறார்கள்: உயரத்தில் பிள்ளைக்குச் சுகமில்லையென்றால், வேறு காரணம் உறுதியாகும்வரை உயர நோய் என்றே எடுத்துக்கொண்டு இறங்க வேண்டும். வாகனப் பயணத்தில் சத்திக்குக் கொடுக்கும் குளிசைகள் பிள்ளையை மயக்கத்தில் ஆழ்த்தி இந்த அறிகுறிகளையே மூடிவிடக்கூடும் என்பது பலருக்குத் தெரிவதில்லை.

குளிரும் சின்ன உடம்பைத்தான் முதலில் தேடும். நடக்கும் பெரியவருக்கு வியர்க்கும் வேளையில், அவர் முதுகில் அசையாமல் இருக்கும் குழந்தை விறைத்துக்கொண்டிருக்கலாம். மழைக்காலக் குளிரைத் தவிர வேறு குளிர் அறியாத பிள்ளைக்கு என்ன உடுத்துவது என்பதே மட்டக்களப்புத் தாய்க்குப் புதிய பாடம்.

சில பிள்ளைகளுக்குக் கோடு தெளிவானது. பிறவி இதயக் குறை உள்ளவர்கள், நுரையீரல் அழுத்தம் கூடியவர்கள், டவுன் குறைபாட்டோடு பிறந்தவர்கள் ஆகியோரை நிபுணரின் சம்மதமின்றிக் கொண்டுபோகக்கூடாது என்பதில் கருத்து வேறுபாடு காண்பது அரிது. அவ்வளவாகத் தெரியாத இன்னொன்று சாதாரணத் தடிமன். சளிக்காய்ச்சலோடு ஏறும் பிள்ளைக்கு நுரையீரலில் நீர் கோக்கும் வாய்ப்புக் கூடுகிறது என்று ஆய்வுகள் சொல்கின்றன. டிக்கெட் எடுத்தாயிற்று என்பதற்காகத் தடிமனோடு புறப்படுவது இந்த விடயத்தில் வீண் துணிச்சல்.

வளர்ந்த பிள்ளைகளிடம் வேறொரு சிக்கல். அவர்களால் சொல்ல முடியும். சொல்ல விரும்பாமல் போகலாம். தன்னால் முழுக் குடும்பத்தின் நேர்த்தியும் தடைப்படும் என்று தெரிந்த பன்னிரண்டு வயதுப் பிள்ளை தலையிடியை மறைக்கும். தன்னைப் பாதிக்கும் முடிவுகளில் பிள்ளையின் கருத்துக் கேட்கப்பட வேண்டும் என்கிறது சிறுவர் உரிமைச் சமவாயத்தின் 12ஆம் உறுப்புரை. இலங்கை 1991இல் அதை ஏற்றது. யாத்திரை பற்றிய பேச்சில் அந்த உறுப்புரை நுழைவது அபூர்வம். திரும்பினால் யாரும் குறைசொல்ல மாட்டார்கள் என்ற உறுதி பிள்ளைக்கு முன்கூட்டியே கிடைக்க வேண்டும். 2016இல் எவரெஸ்ட் உச்சிக்குச் சில நூறு மீற்றர் கீழே நின்று திரும்பிய இலங்கையர் ஜொஹான் பீரிஸ், 2018இல் மீண்டும் போய் ஏறினார் என்பது பிள்ளைகளுக்குச் சொல்லத்தக்க செய்தி.

தீர்ந்தவையும் தீராதவையும்

கடல்மட்டத்துத் தெற்காசியப் பிள்ளைகள் உயரத்தை எப்படித் தாங்குகிறார்கள் என்பதற்குப் போதிய ஆய்வு இல்லை. சில நாள் ஒட்சிசன் குறைவு வளரும் மூளையில் நிலையான சுவடு எதையும் விடுகிறதா என்பதும் தீரவில்லை. விடுவதாக உறுதியான சான்றும் இல்லை. அசிட்டாசோலமைட் என்ற மருந்து பெரியவர்களுக்கு உதவுவது நிறுவப்பட்டது. பிள்ளைகளுக்கான பரிந்துரை பெரும்பாலும் பெரியவர்களிடம் கண்டதிலிருந்து பெறப்பட்டது. அதை வைத்தியரிடம் கேட்காமல் கொடுப்பதற்கில்லை. எத்தனை அபாயத்தைப் பிள்ளையின் சார்பில் பெற்றோர் ஏற்கலாம் என்பது வைத்தியம் தீர்க்கக்கூடிய கேள்வியே அல்ல.

இருக்கும் சான்றுகளை வைத்து எச்சரிக்கையோடு இவ்வளவு சொல்லலாம். சுகமான பிள்ளையைச் சுவிஸ் சிகரமொன்றுக்குச் சில மணி நேரம் கூட்டிப்போய் இறங்குவதில் பெரிய ஆட்சேபம் எழுவதில்லை. கைக்குழந்தைக்கு அதையும் தவிர்ப்பது நல்லது. லே போன்ற ஊருக்கு, முதல் இரண்டு மூன்று நாளை வெறும் ஓய்வுக்கு ஒதுக்க முடிந்தால், தன் நோவைச் சொல்லத் தெரிந்த பிள்ளையோடு போவதை நியாயப்படுத்தலாம். காத்மண்டுவிலிருந்து சில நாளில் வாகனத்தில் மானசரோவரை எட்டும் இன்றைய வழமையான திட்டத்தில் பத்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளைச் சேர்ப்பதை நியாயப்படுத்துவது கடினம். பரிக்ரமாவில் சேர்ப்பது அதைவிடக் கடினம். இந்திய அரசின் 18 என்ற எல்லை வேறு காரணங்களுக்காகப் போடப்பட்டிருந்தாலும், இந்த ஒரு பாதையைப் பொறுத்தவரை அதைப் பின்பற்றும் குடும்பம் எதையும் இழந்துவிடாது.

முன்பணம் கட்டுவதற்கு முன் பயண ஏற்பாட்டாளரிடம் ஒரு தாளைக் கேட்டு வாங்குங்கள்: ஒவ்வோர் இரவும் படுக்கும் இடத்தின் உயரம், அங்கிருந்து 2,500 மீற்றருக்குக் கீழே இறங்க எத்தனை மணி நேரம், இடையில் ஒருவர் திரும்பினால் யார் கூடவருவார். அதைக் குடும்ப வைத்தியரிடம் காட்டுங்கள். அந்தத் தாளை எழுதித் தர முடியாத ஏற்பாட்டாளரோடு பிள்ளைகளை அனுப்ப வேண்டாம்.